ரோக் விளையாட்டு: உருவான விதம், பதிப்புகள், பாதுகாப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோக் எப்படிப்பட்ட விளையாட்டு?

படங்களே இல்லாமல் எழுத்துகளையும் குறிகளையும் கொண்டு திரையில் வரையப்படும் நிலவறை விளையாட்டு. ஆடுபவர் ஒரு @ குறி. கோடுகள் சுவர், + கதவு, # நடைபாதை, * தங்கம், ! மருந்துக் குப்பி, ? மந்திரச் சுருள், % படிக்கட்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26-ம் 26 வகை அரக்கர்கள். 26-ஆம் தளத்துக்கு இறங்கி யெண்டார் தாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலேறி வெளியே வர வேண்டும். நடுவில் செத்தால் எல்லாம் போச்சு, முதல் தளத்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

ஆட்டத்தை நகர்த்துவது வாளைவிடப் பசி என்றே சொல்லலாம். 5.4 பதிப்பில் வயிற்றுக் கணக்கு 1300-இல் தொடங்கி ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாகக் குறைகிறது. சில மோதிரங்களைப் போட்டுக்கொண்டால் இன்னும் வேகமாகக் குறையும். 300-க்குக் கீழே போனால் பசி, 150-க்குக் கீழே தளர்ச்சி, பூஜ்யத்துக்குக் கீழே மயக்கம். அதற்கும் கீழே 850 வரை இறங்கினால் சாவு. ஒரு வேளை உணவு 1100 முதல் 1499 வரை ஏற்றும். மொத்தத்தில் வயிறு 2000-க்கு மேல் கொள்ளாது. அதனால் ஒரே தளத்தில் சுற்றிச் சுற்றி வந்து பலம் சேர்க்க முடியாது. கீழே இறங்கினால்தான் அடுத்த உணவு.

யார் எழுதியது? எங்கே?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாக மாணவர்களான மைக்கேல் டாய், க்ளென் விக்மேன் இருவரும் 1980 வாக்கில் தொடங்கியது. அக்காலக் கணினி மாணவர்களை ஆட்டிப்படைத்த 'அட்வென்ச்சர்' குகை விளையாட்டில் ஒரு குறை இருந்தது: குகை மாறாது. ஒருமுறை வழியைக் கண்டுபிடித்துவிட்டால் அதோடு சரி. எழுதியவனுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கும் என்று தெரியாத விளையாட்டு வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள். பெயரை வைத்தவர் விக்மேன்.

பிறகு டாய் பெர்க்லி வளாகத்துக்குப் போனார். அங்கே கென் ஆர்னால்ட் சேர்ந்தார். தொலைவு காரணமாக விக்மேனின் பங்கு குறைந்தது. இன்று நாம் ஆடும் யூனிக்ஸ் இயங்குதள ரோக்கில் பெரும்பகுதி பெர்க்லியில் செதுக்கப்பட்டது. உரிமக் கோப்பில் மூவர் பெயரும் இருக்கிறது. யாராவது இருவர் பெயரை மட்டும் சொன்னால் திருத்துங்கள்.

கர்ஸஸ் லைப்ரரிக்கும் ரோக்குக்கும் என்ன தொடர்பு?

அது இல்லாவிட்டால் ரோக் இல்லை. அன்றைய டெர்மினல்கள் (மையக் கணினியுடன் பேசும் திரை, விசைப்பலகைக் கருவிகள்) ஒவ்வொன்றும் கர்ஸரை நகர்த்த வெவ்வேறு கட்டளைக் குறிகளைக் கேட்டன. பில் ஜாய் தன் 'விஐ' எடிட்டருக்காக டெர்மினல்களின் குணங்களைப் பட்டியலிடும் டெர்ம்கேப் முறையையும், குறைந்த எழுத்துகளில் கர்ஸரை நகர்த்தும் நிரலையும் எழுதியிருந்தார். அதை எடுத்து, எந்த நிரலும் பயன்படுத்தக்கூடிய லைப்ரரியாக்கியவர் கென் ஆர்னால்ட். நிரல் திரையின் படத்தை நினைவகத்தில் வைத்திருக்கும். மாறிய இடங்களை மட்டும் கர்ஸஸ் டெர்மினலுக்கு அனுப்பும். மெதுவான தொலைபேசி இணைப்பில் ஒரு @ நகர்வதற்கு முழுத் திரையையும் மறுபடி வரைந்தால் ஆட்டம் தாங்காது.

இன்று லினக்ஸில் உள்ள என்கர்ஸஸ் இதே வழியில் வந்தது. 45 ஆண்டுப் பழைய நிரலை இன்றும் கொஞ்சம் தட்டிக்கொட்டி ஓட்ட முடிவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒவ்வொரு முறையும் நிலவறை எப்படி மாறுகிறது?

80 பத்தி, 24 வரி கொண்ட திரையை 3 × 3 கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு அறை, ஆக 9. அதில் 0 முதல் 3 வரை அறைகளைத் தற்செயலாக நீக்கிவிடும். அங்கே நடைபாதை மட்டும் இருக்கும். மீதி அறைகளுக்கு நீள அகலம் தற்செயல். பக்கத்துக் கட்டங்களை ஒவ்வொன்றாக இணைத்து எல்லா அறைக்கும் வழி உண்டாக்கிய பிறகு, சில வழிகளைக் கூடுதலாகப் போடும். ஆழம் கூடக் கூட இருட்டறைகள் அதிகரிக்கும்: 10-க்குள் ஒரு எண்ணை எடுத்து, அது தள எண்ணில் ஒன்று குறைத்ததைவிடச் சிறியதாக இருந்தால் அறை இருட்டு. முதல் தளத்தில் இருட்டே கிடையாது, 11-ஆம் தளத்திலிருந்து எல்லா அறையும் இருட்டு.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒற்றை வரிச் சூத்திரம். விதை எண்ணை 11109-ஆல் பெருக்கி 13849-ஐக் கூட்டினால் அடுத்த எண். 3.6 பதிப்பு அதன் கடைசி 15 பிட்டுகளிலிருந்து விடையை எடுத்தது. அந்த 15 பிட்டுகள் 32,768 எண்களுக்குப் பிறகு மறுபடி அதே வரிசையில் சுழலும். பின்னால் வந்த 5.4-இல் மேலே உள்ள 16 பிட்டுகளை எடுக்கிறார்கள். சுழற்சி மிக நீண்டது. பழைய விளையாட்டைப் பாதுகாப்பவருக்கு இது முக்கியம். 'நவீனமாக்குகிறேன்' என்று யாராவது இந்த வரியை எடுத்துவிட்டு இன்றைய தற்செயல் எண் செயலியைப் போட்டால், ஒரே விதை பழைய நிலவறையைத் தராது. ஆட்டம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு ஆட்டம்.

மூலநிரல் ஏன் இவ்வளவு சிதறிக் கிடக்கிறது?

1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸுடன் ரோக் உலகெங்கும் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. போனது கணினி ஓட்டும் இயங்கு கோப்பு மட்டும். மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரல் கூட வரவில்லை. ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் உள்ளே பார்த்தவர்கள் சிலரே. எழுதியவர்களின் நண்பர்கள் வழியாகவும் வளாகங்களுக்கு இடையேயும் கைமாறிய பிரதிகளில்தான் மூலநிரல் தங்கியது. 3.6, 5.2, 5.3, 5.4 என்று பதிப்புகள் துண்டு துண்டாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

கிடைக்காத மூலநிரலுக்குப் பதிலாகப் புது விளையாட்டுகள் பிறந்தன. மாசசூசெட்ஸில் லிங்கன்-சட்பரி உயர்நிலைப் பள்ளியில் ஜே ஃபென்லேசன் நண்பர்களுடன் 'ஹேக்' எழுதினார். அதை ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் ப்ரவர் விரிவாக்கி 1984-இல் யூஸ்நெட் என்ற கணினி விவாத வலையில் மூலநிரலாகவே வெளியிட்டார். 1987-இல் அது 'நெட்ஹேக்' ஆனது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனகி 'மோரியா'வைப் பாஸ்கல் மொழியில் எழுதினார். மூலநிரல் திறந்து கிடந்த இந்த மரபுகள் இன்றும் தொடர்ந்து வளர்கின்றன. பூட்டி வைத்த ரோக்கைத்தான் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

என் கணினியில் நிறுவிய ரோக் அசல்தானா?

பெரும்பாலும் இல்லை. நெட்பிஎஸ்டி இயங்குதளத்திலும் டெபியன் லினக்ஸின் 'பிஎஸ்டிகேம்ஸ்-நான்ஃப்ரீ' தொகுப்பிலும் இருப்பது டிம் ஸ்டோர் தனியாக எழுதிய நகல். அசலைப் பார்த்து ஆடி, அதேபோல நடக்கும்படி எழுதியது. நல்ல நகல்தான், அரக்கர் பட்டியல்கூட 5.4-ஐ ஒத்திருக்கும். ஆனால் மூலநிரல் வேறு, சூத்திரங்கள் வேறு.

ஆட்டத்தின் நடுவே சிறிய 'வி' விசையைத் தட்டினால் தெரிந்துவிடும். நகலாக இருந்தால் 'ரோக்-க்ளோன், வெர்ஷன் 3' என்று ஸ்டோர் பெயருடன் வரும்.

அசலிலேயே எந்தப் பதிப்பு என்று எப்படி அறிவது?

அதற்கும் அதே விசை. இயங்கு கோப்பு ஓடவில்லை, பழைய திரைக் காகிதமோ ஆட்டப் பதிவோ மட்டும் இருக்கிறது என்றால் அரக்கர்களின் எழுத்தைப் பாருங்கள். 3.6-இல் 'கே' எழுத்து கோபோல்ட், 5.4-இல் கெஸ்ட்ரல் என்ற பறவை. 'இ' எழுத்து முன்பு மிதக்கும் கண், பிறகு ஈமு. 'ஜே' முன்பு குள்ளநரி, பிறகு ஜாபர்வாக். கவசத்தைத் துருப்பிடிக்க வைக்கும் அரக்கன் 3.6-இல் 'ஆர்', 5.4-இல் 'அக்வேட்டர்' என்ற பெயரில் 'ஏ'. இந்த நான்கில் இரண்டு கிடைத்தாலே பழைய வரிசையா புதிய வரிசையா என்று சொல்லிவிடலாம்.

பழைய சேவ் கோப்பு கிடைத்திருக்கிறது. திறக்க முடியுமா?

அதை எழுதிய அதே இயங்கு கோப்பு இருந்தால் வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் கிட்டத்தட்ட இல்லை.

அசல் ரோக் ஆட்டத்தின் விவரங்களைத் தனித்தனியாக எழுதி வைக்கவில்லை. நிரலின் நினைவகத்தில், பதிப்பு எண் இருக்கும் இடத்திலிருந்து ஒதுக்கிய நினைவகத்தின் கடைசி வரை, அப்படியே மறைகுறியாக்கிக் கோப்பில் கொட்டியது. எழுதச் சுலபம், வேகமும்கூட. ஆனால் அந்தக் குவியலுக்குள் ஒரு பொருள் இன்னொன்றைச் சுட்டும் முகவரிகள் உண்டு. நிரலைத் திரும்ப கம்பைல் செய்தால் (மூலநிரலை இயங்கு கோப்பாக்கினால்) முகவரிகள் நகர்ந்துவிடும். பழைய சேவ் பயனற்றதாகும். இன்றைய இயங்குதளங்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறையும் நினைவகத்தை வேறு இடத்தில் வைப்பதால், இந்த முறையை மாற்றாமல் விட்டால் ஐந்து நிமிடத்துக்கு முன் சேமித்ததைக்கூடத் திறக்க முடியாது.

ஏமாற்றுவதைத் தடுக்க இன்னும் சில பூட்டுகள் உண்டு. சேமித்த கோப்பின் ஐநோட் எண் (வட்டில் அந்தக் கோப்புக்கு உரிய எண்), வட்டின் எண், மாற்றிய நேரம் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். திறக்கும்போது அவை பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். திறந்ததும் கோப்பை அழித்துவிடும். ஆகவே சேவ் கோப்பைத் தனியாக நகலெடுத்தால் அந்த நகல் வேலை செய்யாது. வட்டு முழுவதையும் படிமமாக (உள்ளது உள்ளபடி முழு நகலாக) எடுத்து, பழைய கணினிபோல நடிக்கும் நிரலான எமுலேட்டருக்குள் ஓட்டுவதுதான் வழி.

பழைய பதிப்புகளை இன்றைய கணினிகளுக்குக் கொண்டுவந்த ரோக்லைக் ரெஸ்டோரேஷன் புராஜெக்ட் இந்தச் சேமிப்பு முறையை முழுவதும் மாற்றி, ஒவ்வொரு மாறியையும் வரிசையாக எழுதும் தனி நிரல் கோப்பைச் சேர்த்தது. அதனால்தான் அவர்கள் தரும் பதிப்புகளில் சேமிப்பது இன்று வேலை செய்கிறது. அதற்காகச் சேர்த்த நிரல் 1980களுடையது அன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

5.4.4 மூலநிரலை கம்பைல் செய்தால் பிழைகள் கொட்டுகின்றன. என்ன செய்வது?

முதலில் என்கர்ஸஸின் டெவலப்மென்ட் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா பாருங்கள். லைப்ரரி மட்டும் போதாது, தலைப்புக் கோப்புகளும் வேண்டும். பிறகு வழக்கம்போல 'கான்ஃபிகர்', 'மேக்' கட்டளைகள்.

அடுத்து வருவது 'விண்டோ' அமைப்பு முழுமையற்றது என்ற பிழை. 'மெயின்' கோப்பில், ஆட்டத்தை இடைநிறுத்தித் திரும்பும் பகுதியில், கர்ஸரின் இடத்தைத் திரை அமைப்புக்குள் நேரடியாகக் கைவிட்டு எழுதும் இரண்டு வரிகள் உள்ளன. புதிய என்கர்ஸஸ் அந்த அமைப்பை வெளியே காட்டுவதில்லை. அந்த இரண்டையும் நீக்கிவிட்டு, 'டபிள்யூமூவ்' என்ற கர்ஸஸ் கட்டளையால் அதே இடத்துக்கு நகர்த்துங்கள்.

மீதிப் பிழைகள் கம்பைலரின் வயதைப் பொறுத்தவை. ஒரே மாறி பல கோப்புகளில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை இணைக்கும் நிரல்) நிறுத்தினால், 2020-இல் ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு தன் இயல்பை மாற்றியதுதான் காரணம். கம்பைலருக்கு 'எஃப்-காமன்' என்ற விருப்பக் கொடியைக் கொடுங்கள். 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறுகளை எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. 2025-இன் ஜிசிசி 15, வெற்று அடைப்புக்குறியை 'உள்ளீடே கிடையாது' என்று படிக்கிறது. பசி, நோய் தீர்தல் போன்றவற்றை முறை தவறாமல் நடத்தும் 'டீமன்' செயற்கூறுகளை ரோக் வெற்று அடைப்புக்குறிச் சுட்டி வழியாக உள்ளீட்டுடன் அழைப்பதால் அங்கே மாட்டும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மொழித் தரத்தை 'க்னூ 89' என்று குறிப்பிடுங்கள். நிரலைத் திருத்தத் தேவையில்லை. கம்பைலருக்குச் சொல்லித் தீர்வதை நிரலில் கைவைத்துத் தீர்க்காதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் திரை சிறியது என்று வெளியேறினால் சாளரத்தைக் குறைந்தது 80 × 24 ஆக்குங்கள். ஆட்டத்தின் நடுவே அளவை மாற்ற வேண்டாம்.

அன்றைய சூழலிலேயே ஆட வேண்டும். முடியுமா?

முடியும், ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது. சிம்ஹெச் எமுலேட்டரில் வாக்ஸ்-11/780 கணினியை உருவாக்கி, 4.3 பிஎஸ்டி டேப் படிமத்தை நிறுவலாம். படிமங்கள் யூனிக்ஸ் ஹெரிடேஜ் சொசைட்டியின் காப்பகத்தில் உள்ளன. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளின் உரிமத்தைத் தளர்த்திய பிறகே இவற்றைத் தடையின்றிப் பகிர முடிந்தது. பிஎஸ்டிக்குள் யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நிரல் கலந்திருந்ததால், அதற்கு முன் தனி உரிமம் வைத்திருந்தவர்கள் மட்டுமே தொட முடியும். சிம்ஹெச்சைத் தொடங்கியவர் பாப் சப்னிக்; 'ஸோர்க்' நிலவறை விளையாட்டை ஃபோர்ட்ரானுக்கு மாற்றியவரும் அவரே.

முதல் தடையாக வருவது டெர்மினல் வகை. உங்கள் சாளரம் தன்னை 'எக்ஸ்டெர்ம்' என்று அறிமுகம் செய்யும். 1986-இன் டெர்ம்கேப்புக்கு அந்தப் பெயர் தெரியாது. உள்ளே நுழைந்ததும் வகையை 'விடி100' என்று மாற்றுங்கள், திரை சரியாகிவிடும். சாளரம் சரியாக 80 × 24 இருக்கட்டும். அம்பு விசைகளை மறந்துவிட்டு ஹெச், ஜே, கே, எல் விசைகளால் நகருங்கள்: இடம், கீழ், மேல், வலம்.

அன்றைய மூலநிரலில் இன்னொன்றும் உண்டு. பல பேர் பகிர்ந்த கணினியில் சுமை ஏறினால் ரோக் ஆட்டக்காரரிடம், இத்தனை நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். தேவையில்லை என்று மறுசீரமைக்கும்போது இதை வெட்டிவிட ஆசை வரும். வெட்டாதீர்கள். விளையாட்டு எந்த இடத்தில் வாழ்ந்தது என்பதற்கான சாட்சி அந்த வரிகள்.

பிசி பதிப்பு வேறா?

வேறு. ஜான் லேன், டாயுடன் சேர்ந்து ஏ.ஐ. டிசைன் என்ற நிறுவனத்தை நடத்தி ஐபிஎம் பிசிக்குக் கொண்டுவந்தார்; பிறகு எபிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மேகின்டாஷ், அமிகா, அட்டாரி எஸ்டி பதிப்புகளும் வந்தன. அட்டாரி பதிப்பில் விக்மேன் மறுபடி சேர்ந்தார். பிசியில் @ இருந்த இடத்தில் சிரித்த முகம்.

பாதுகாப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. நகலெடுத்த ஃப்ளாப்பி என்று கண்டுபிடித்தால் பிசி பதிப்பு நின்றுவிடாது. ஆட்டத்தை ஓடவிட்டு, அரக்கர்களின் அடியைப் பலமடங்காக்கும். செத்ததும் கல்லறையில் உங்கள் பெயருக்குப் பதில் மென்பொருள் திருடன் என்று பொறித்திருக்கும். சாதாரணமாக நகலெடுத்த படிமம் 'வேலை செய்கிறது' என்று நம்பிக் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். உண்மையில் அது அசல் ஆட்டம் ஆகாது. முதல் இரண்டு தளங்களிலேயே வௌவாலிடம் திரும்பத் திரும்பச் சாகிறீர்கள் என்றால் படிமத்தைச் சந்தேகியுங்கள்.

ரோக்-ஓ-மேட்டிக் என்பது என்ன?

1980களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்டின், கை ஜேக்கப்சன், ஆண்ட்ரூ அப்பெல், லெனர்ட் ஹேமி நால்வரும் எழுதிய நிரல். ரோக்கை அதுவே ஆடும். ஆட்டத்தின் உள்ளே எட்டிப் பார்க்காது. திரைக்கு வரும் எழுத்துகளைப் படித்து, விசைகளை அனுப்பும். அதனால் மறுசீரமைத்த ரோக்கைச் சோதிக்க இன்றும் உதவுகிறது. ஒரு செய்தியின் வாசகத்தை நீங்கள் மாற்றியிருந்தால் அது தடுமாறி நிற்கும்.

உரிமம் எப்படி?

அசல் 5.4 மூலநிரல், ஆசிரியர்கள் மூவரின் பெயரில் பிஎஸ்டி பாணி உரிமத்தில் கிடைக்கிறது. அறிவிப்பை நீக்காமல் பகிரலாம், மாற்றலாம். ஸ்டோரின் நகலுக்கு வேறு நிபந்தனைகள்: அறிவிப்பை நீக்கக்கூடாது, படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, விற்கவோ இலாபம் பார்க்கவோ கூடாது. மூன்றாவது நிபந்தனையால்தான் டெபியன் அதைக் கட்டற்றது அல்லாத பிரிவில் வைத்திருக்கிறது. எபிக்ஸ் வெளியிட்ட கடைப் பதிப்புகள் வணிக வெளியீடுகள். இந்த உரிமங்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பழைய ஃப்ளாப்பியோ டேப்போ கையில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டிப் பார்க்காதீர்கள். எழுத்துத் தடையை முதலில் போடுங்கள், 5.25 அங்குல ஃப்ளாப்பியில் பக்கவாட்டு வெட்டின் மேல் ஒளிபுகாத ஒட்டுத்தாள். ஓரத்தில் பூஞ்சையோ பொடியோ தெரிந்தால் டிரைவில் போடவே வேண்டாம். ஒரு ஃப்ளாப்பியின் அழுக்கு டிரைவின் ஹெட்டில் (படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்ததையும் கீறும்.

பிசி ரோக் ஃப்ளாப்பிகளுக்குக் கிரியோஃப்ளக்ஸ் அல்லது கிரீஸ்வீசில் கருவியால் காந்த மாற்றங்களையே பதிவு செய்யுங்கள். செக்டர்களை (தடங்களில் உள்ள தகவல் துண்டுகளை) மட்டும் படிக்கும் நகல், மேலே சொன்ன நகல் தடுப்பைத் தவறவிடும். 360 கேபி ஃப்ளாப்பிக்கு 40 டிராக் (வட்டத் தடம்), நிமிடத்துக்கு 300 சுற்று. 1.2 எம்பி டிரைவில் படித்தால் அது 360 சுற்றில் ஓடும், டிராக்குகளும் இரட்டை. இரண்டிரண்டாகத் தாண்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். அந்த டிரைவில் 360 கேபி ஃப்ளாப்பியில் எழுதவே கூடாது. அதன் ஹெட் குறுகலானது, பழைய தடத்தின் ஓரத்தை அழிக்காமல் விட்டுவிடும்.

9 தட டேப்பைப் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். பசை கசிந்த டேப்பை ஒருமுறை ஓட்டினாலே மேற்பூச்சு உரிந்து வந்துவிடலாம். படிமம் எடுக்கும்போது கோப்புகளை மட்டும் பிரித்தெடுக்காமல், ஒவ்வொரு பதிவின் நீளத்தையும் கோப்பு முடிவுக் குறிகளையும் காக்கும் சிம்ஹெச் டேப் வடிவத்தில் கேளுங்கள். கிடைத்த படிமத்துக்கு ஷா-256 (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட்டு எழுதிவையுங்கள். கோப்புகளின் தேதிகளை மாற்றும் எந்தக் கருவியும் அசல் பிரதியைத் தொடக்கூடாது. திருத்தம் எல்லாம் இன்னொரு பிரதியில். மேலுறையில் கையால் எழுதிய குறிப்பு இருந்தால் அதையும் படம் பிடியுங்கள். பதிப்பு எண் சில சமயம் அங்கே மட்டும்தான் இருக்கும்.